உளுத்த மரத்துக் கரப்பான்: மலைக்கு மலை மாறும் குரோமோசோம் எண்ணிக்கை

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் உளுத்த மரத்துக்குள் வாழும் கரப்பான்கள் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனால் ஓரிடத்தில் பிடித்த ஆணுக்கு 37 குரோமோசோம்கள், இன்னோரிடத்தில் பிடித்த ஆணுக்கு 45. இது எப்படி நடந்தது? எண்ணிக்கை மாறினால் அதை வேறு சிற்றினம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

முதல் கேள்விக்கான பதில் அந்தப் பூச்சி வாழும் விதத்தில் இருக்கிறது. அது பறக்காது, தூரம் போகாது, குடும்பம் குடும்பமாக ஒரு கட்டைக்குள்ளேயே ஆயுளைக் கழிக்கும். அப்படி வாழும் உயிரிடத்தில் குரோமோசோம் மாற்றம் ஒன்று தோன்றினால் அது அங்கேயே நிலைத்துவிட வாய்ப்பு அதிகம். இரண்டாவது கேள்விக்கு என் பதில்: எண்ணை மட்டும் வைத்துச் சிற்றினம் பிரிக்கக் கூடாது. டிஎன்ஏவையும், பிடித்த இடத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பூச்சியைத் தெரிந்துகொள்வோம். நம் வீட்டுச் சமையலறையில் ஓடும் கரப்பானுக்கும் இதற்கும் பழக்கத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. கிரிப்டோசெர்கஸ் என்பது பேரினத்தின் பெயர். வளர்ந்த பூச்சி இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கரும்பழுப்பு நிறம், பளபளப்பான தடித்த ஓடு. ஆணுக்கும் இறக்கை கிடையாது, பெண்ணுக்கும் கிடையாது. குளிர்ச்சியான, ஈரமான காட்டில் விழுந்து மக்கிக்கொண்டிருக்கும் பெரிய மரங்களைக் குடைந்து உள்ளே போகும். அந்த மரமே வீடு, அந்த மரமே சாப்பாடு.

மரத்தைத் தானாகச் செரிக்க அதனால் முடியாது. பின்குடலில் இருக்கும் புரோட்டோசோவாக்கள் என்ற ஒரு செல் உயிரிகள்தான் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்கின்றன. எல். ஆர். கிளீவ்லாந்து என்ற அமெரிக்க உயிரியலாளர் 1934-ல் இந்தப் பூச்சியையும் அதன் குடல்வாசிகளையும் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார். பூச்சி தோலுரிக்கும் சமயத்தில் உள்ளே இருக்கும் புரோட்டோசோவாக்கள் பாலினப் பெருக்கத்தில் இறங்குகின்றன என்று பிற்பாடு காட்டியவரும் அவர்தான். முட்டையிலிருந்து வரும் குஞ்சிடம் இந்தப் புரோட்டோசோவாக்கள் இருக்காது. தாய் தகப்பனின் பின்குடலிலிருந்து வரும் திரவத்தைக் குடித்துத்தான் குஞ்சு அவற்றைப் பெறுகிறது. எனவே தனியாக விடப்பட்ட பிஞ்சுக் குஞ்சு பிழைக்காது.

கிறிஸ்டின் நலேபா என்ற பூச்சியியலாளர் 1980-கள் முதல் வர்ஜீனியாவின் மவுண்டன் லேக் பகுதியில் இந்தக் குடும்பங்களைப் பொறுமையாகத் தொடர்ந்து பார்த்தார். ஒரு ஜோடி சேர்ந்தால் கடைசி வரை சேர்ந்தே இருக்கிறது. வாழ்நாளில் ஒரே ஈட்டுக் குஞ்சுகள்தான். அந்தக் குஞ்சுகளுக்குத் தாயும் தகப்பனுமாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் காவலிருந்து ஊட்டி வளர்க்கின்றன. பூச்சி உலகில் இவ்வளவு நீண்ட கால இருவர் பராமரிப்பு மிக அபூர்வம். கரையான்கள் உண்மையில் கரப்பான் குடும்பத்தின் ஒரு கிளை என்பதும், அந்தக் கிளைக்கு மிக நெருங்கிய உறவு இந்தக் கிரிப்டோசெர்கஸ்தான் என்பதும் நேதன் லோ குழுவின் 2000-ஆம் ஆண்டு மரபணு ஆய்வு முதல் தெளிவாகிவிட்டது. குரோமோசோம் கதையில் பலருக்கு ஆர்வம் வரக் காரணமும் இந்த உறவுதான்.

சரி, இவை எங்கெங்கே இருக்கின்றன? உலக வரைபடத்தில் மூன்று திட்டுகள். ஒன்று, கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைத்தொடர். இரண்டாவது, மேற்கு அமெரிக்காவில் பசிபிக் கடற்கரையை ஒட்டிய ஓரிகன், வட கலிபோர்னியா பக்கத்துக் காடுகள். மூன்றாவது கிழக்கு ஆசியா: ரஷ்யாவின் தூரக் கிழக்குப் பகுதி, கொரியா, வடகிழக்குச் சீனா, அப்புறம் நடுச் சீனாவிலிருந்து தென்மேற்குச் சீனாவின் மலைகள் வரை. இடையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்கு ஒன்றுமே கிடையாது.

தாவரவியல் படித்தவர்களுக்கு இந்த வரைபடம் பழகியதாக இருக்கும். துலிப் மரத்தில் உயிரோடிருக்கும் சிற்றினங்கள் இரண்டே இரண்டு. ஒன்று கிழக்கு அமெரிக்காவில், மற்றது சீனாவில். ஜின்செங் செடிக்கும் அதே கதை. நுரையீரல் இல்லாத சாலமாண்டர்களுக்கு அப்பலாச்சியாதான் பெரிய கோட்டை. அந்தக் குடும்பம் ஆசியாவில் கிடையவே கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்த நிலையில், 2005-ல் கொரியாவிலிருந்து ஒன்று விவரிக்கப்பட்டது. ஒரு காலத்தில் பெரிங் பகுதியின் நிலப்பாலம் வழியாக இரு கண்டங்களின் காடுகளும் தொடர்ந்து கிடந்தன. பிறகு குளிரும் வறட்சியும் வந்து இடைப்பட்ட காடுகளை அழித்தன. மிஞ்சிய மூலைகளில் பழைய குடிகள் தங்கிவிட்டன. கிரிப்டோசெர்கஸும் அப்படித் தங்கியவற்றில் ஒன்று. டிஎன்ஏவைக் கடிகாரமாக வைத்து 2016-ல் போட்ட கணக்குப்படி, ஆசியக் கிளையும் அமெரிக்கக் கிளையும் பிரிந்தது சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு.

இனி எண்களுக்கு வருவோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் எல்லாமே ஆணுடையவை, ஒற்றைப்படை எண்கள். காரணம், கரப்பானில் ஆணுக்கு ஒய் குரோமோசோம் கிடையாது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரே எக்ஸ். மற்றவை எல்லாம் ஜோடி ஜோடியாக இருப்பவை. ஆகவே 37 என்றால் 18 ஜோடியும் ஓர் எக்ஸும். அந்த வகையின் பெண்ணுக்கு 38. 45 என்றால் 22 ஜோடியும் ஓர் எக்ஸும். ஒப்பிட்டுப் பார்க்க: நம் வீட்டில் பறக்கும் பெரிய அமெரிக்கக் கரப்பானின் ஆணுக்கு 33, சின்ன ஜெர்மன் கரப்பானின் ஆணுக்கு 23. அந்தச் சிற்றினங்களை உலகில் எங்கே பிடித்தாலும் பொதுவாக அதே எண்தான் வரும். கிரிப்டோசெர்கஸில் அப்படி இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

எப்படி எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் இந்த எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் தெரியும். ஆண் பூச்சியின் விந்தகத்தை எடுத்து, உப்புச் செறிவு குறைந்த கரைசலில் கொஞ்ச நேரம் ஊறப் போடுவார்கள். செல்கள் தண்ணீரை இழுத்து உப்பும், உள்ளே குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகும். பிறகு ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த கலவையில் நிலைப்படுத்தி, கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். விந்தகத்தை எடுப்பதில் ஒரு லாபம் உண்டு: அங்கே குன்றல் பகுப்பு, அதாவது குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து நின்று பிறகு பாதிப் பாதியாக விந்தணுக்களுக்குப் பிரியும் பகுப்பு, நடந்துகொண்டிருப்பதால், எந்தக் குரோமோசோம் எதனோடு ஜோடி சேர்கிறது என்பதையும் பார்க்கலாம். எண்ணிக்கையைவிட இந்த ஜோடி சேரும் விதம் அதிகம் பேசும். குரோமோசோம்கள் சிறியவை, ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் எண்ணிக்கை தவறும். அதனால் ஒரே பூச்சியின் பல செல்களை எண்ணி ஒத்துப்பார்த்த பிறகே ஓர் எண்ணை எழுத வேண்டும்.

1996-ல் ஸ்ரீனிவாஸ் கம்பம்பாட்டி, பீட்டர் லைக்ஸ், நலேபா மூவரும் சேர்ந்து, அதுவரை பங்டுலேட்டஸ் என்ற ஒரே சிற்றினமாகக் கருதப்பட்ட கரப்பான்களின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவையும் குரோமோசோம்களையும் ஒப்பிட்டார்கள். கிழக்குப் பகுதியில் 37, 39, 43, 45 என நான்கு வகை ஆண்கள் தெரியவந்தன. ஒரே பெயருக்குள் பல உடன்பிறப்புச் சிற்றினங்கள் ஒளிந்திருக்கலாம் என்றார்கள். அடுத்த ஆண்டே மேற்கு அமெரிக்கப் பூச்சி கிளீவ்லாந்தி என்ற தனிச் சிற்றினமாகப் பெயர் பெற்றது. 1999-ல் கிழக்கிலிருந்தும் டார்வினி, கார்சியாய், ரைட்டி என்று மூன்று புதுப் பெயர்கள் வந்தன. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் காண்பது மிகக் கடினம்; பெரும்பாலும் டிஎன்ஏவையும் குரோமோசோமையும் நம்பி வைத்த பெயர்கள் அவை.

2002-ல் நலேபாவும் லைக்ஸும் மற்ற இருவரும் தெற்கு அப்பலாச்சியாவில் இந்த எண்கள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்று வரைபடம் போட்டு, வாழிடத்தோடும் வரலாற்றோடும் பொருத்திப் பார்த்தார்கள். அந்த மலைகளில் பனிப்படலம் ஏறியதில்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன் அது பென்சில்வேனியாவின் வடபகுதியோடு நின்றுவிட்டது. ஆனாலும் குளிர் கூடியபோது காடு சரிவில் கீழே இறங்கியது, தெற்கே ஒதுங்கியது. வெப்பம் திரும்பியபோது மறுபடி மேலே ஏறியது. காடு ஒவ்வொரு தடவை சுருங்கும்போதும் மரம் தின்னும் கரப்பான் கூட்டம் துண்டு துண்டாகியிருக்கும். அதனால் இந்த எண்களை இன்றைய காட்டின் வரைபடத்தோடு மட்டும் பொருத்தினால் போதாது. காடு சுருங்கி விரிந்த பழைய வரைபடங்களும் வேண்டும்.

இனி, எண் எப்படி மாறுகிறது? பொதுவாக நடப்பது இணைவும் பிளவும். செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்க உதவும் இடம் சென்ட்ரோமியர். அது ஒரு முனையில் இருக்கும் குரோமோசோமை டீலோசென்ட்ரிக் என்பார்கள். நடுவில் இருந்தால் மெட்டாசென்ட்ரிக். இரண்டு டீலோசென்ட்ரிக்குகள் முனையோடு முனை ஒட்டினால் ஒரு மெட்டாசென்ட்ரிக் ஆகும். எண்ணிக்கை குறையும், ஆனால் மரபணுக்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இரண்டு பாகமாக இருந்த நூலை ஒரே அட்டைக்குள் கட்டிவைப்பது மாதிரி. அலமாரியில் ஒன்று குறைந்துவிட்டது என்பதற்காகப் பக்கங்கள் குறைந்துவிடவில்லை. குரோமோசோம் எண்ணிக்கை கூடினால் உயிர் முன்னேறியது, குறைந்தால் பின்தங்கியது என்று நினைப்பவர்கள் இந்த ஓர் இடத்தை மட்டும் நின்று படித்துவிட்டால் போதும். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் திரியும் கேளையாடு இதற்குச் சிறந்த சாட்சி. அதன் பெண்ணுக்கு 6 குரோமோசோம், ஆணுக்கு 7. பாலூட்டிகளில் இதைவிடக் குறைவாக எதற்கும் தெரியாது. அதன் நெருங்கிய உறவான சீனக் கேளையாட்டுக்கு 46. இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பெரிய கூட்டத்தில் ஒரு பூச்சிக்கு இப்படி இணைவு நடந்தால், அது சேரப்போவது பழைய வகையோடுதான். பிறக்கும் குஞ்சுக்கு ஒரு பக்கம் ஒட்டிய குரோமோசோம், மறுபக்கம் ஒட்டாத இரண்டு. குன்றல் பகுப்பின்போது மூன்றும் சேர்ந்து நின்று பிரிய வேண்டும். சில தடவை சரியாகப் பிரியும். சில தடவை ஒரு விந்துக்கு ஒரு குரோமோசோம் கூடுதலாகவோ குறைவாகவோ போய்விடும். அப்படிப்பட்ட கரு தேறாது. ஆக, கலப்பாக இருப்பவற்றின் வாரிசுகள் குறையும், புது வகை மெல்ல அழியும். பெரிய கூட்டத்தில் புது வகை எப்போதுமே கலப்பாகத்தான் இருக்கும் என்பதால் அது தலையெடுக்க வழியில்லை.

சின்னக் கூட்டத்தில் நிலைமை வேறு. நெருங்கிய உறவுகளுக்குள் ஜோடி சேர்ந்தால், தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒட்டிய குரோமோசோமே வந்து சேரும் குஞ்சு பிறக்கலாம். அதற்குப் பகுப்பில் எந்தச் சிக்கலும் இல்லை. நாலைந்து தலைமுறையில் அந்தக் கட்டையிலும் அக்கம்பக்கத்துக் கட்டைகளிலும் புது வகையே மிஞ்சிவிட முடியும், அதனால் பூச்சிக்கு ஒரு நன்மையும் இல்லாவிட்டாலும்கூட. இறக்கை இல்லாத, நடந்து மட்டுமே இடம் மாறும், ஆயுளில் ஒரே ஈடு குஞ்சு பொரிக்கும் கிரிப்டோசெர்கஸுக்கு இந்த நிலைமை அப்படியே பொருந்துகிறது. இந்த எண்கள் உயரத்துக்கோ மர வகைக்கோ ஏற்ற தகவமைப்பாக இருக்குமோ என்ற சந்தேகம் நியாயமானது. அதற்கும் நலேபா 2003-ல் பதில் எழுதினார்: வெவ்வேறு மரங்களுக்கோ உயரங்களுக்கோ தனித்தனியாகத் தகவமைந்ததற்குச் சான்று இல்லை.

பிரிந்து கிடப்பது உண்மைதானா என்பதை வேறு வழியிலும் சோதித்திருக்கிறார்கள். இந்தப் பூச்சியின் கொழுப்புத் திசுவில் பிளாட்டபாக்டீரியம் என்ற பாக்டீரியா வாழ்கிறது. அது தாயின் முட்டை வழியாக மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போகும். 2001-ல் பாக்டீரியாவின் வம்சாவளியையும் கரப்பானின் வம்சாவளியையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒத்துவந்தன. வேறுவேறு கூட்டங்கள் தொடர்ந்து கலந்துகொண்டிருந்தால் இப்படி ஒத்துவராது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முடிவுகளில் இது ஒன்று. பூச்சியின் வரலாற்றுக்கு அதன் உடலுக்குள்ளேயே இன்னொரு சாட்சி கிடைத்துவிட்டது.

விவாதம் இருப்பது திசையைப் பற்றி. அமெரிக்க எண்களோடு 47-உம் சேர்ந்தது. 47, 45, 43, 39, 37 என்று வரிசையாக எழுதிப் பார்த்தால், பெரிய எண்ணிலிருந்து படிப்படியாகக் குறைந்துவந்தது போலத் தோன்றும். இதைத் தொடர் குறைவுக் கருதுகோள் என்றார்கள். ஒவ்வொரு கிளையும் தனித்தனியாக மாறியது என்பது மாற்றுக் கருத்து. அழகான கதை முதலாவதுதான். ஆனால் 2006-ல் நேதன் லோ, லைக்ஸ், நலேபா முதலானோர் ஆசியப் பூச்சிகளின் குரோமோசோம்களை முதன்முதலாக எண்ணியபோது நிலைமை மாறியது. ரஷ்யத் தூரக் கிழக்கில் வாழும் ரெலிக்டஸிலும், சீனாவின் பிரைமேரியஸிலும் ஆணுக்குப் பெரும்பாலும் 17 முதல் 21 வரைதான் இருந்தன. 17 என்றால் எட்டே ஜோடி. 47 என்றால் 23 ஜோடி. ஒரே பேரினத்துக்குள் இவ்வளவு பெரிய இடைவெளி!

இதைவிட வலுவான ஆட்சேபம் குரோமோசோமின் வடிவத்தில் இருக்கிறது. 47-லிருந்து 37-க்கு வர ஐந்து ஜோடி குறைய வேண்டும். வெறும் இணைவால் அது நடந்தது என்றால், பத்து ஜோடி டீலோசென்ட்ரிக்குகள் ஒட்டி ஐந்து ஜோடி மெட்டாசென்ட்ரிக்குகள் ஆகியிருக்க வேண்டும். அப்படியானால் எண்ணிக்கை அதிகமுள்ள பூச்சியில் டீலோசென்ட்ரிக்குகள் நிறையக் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை. பார்த்த அமெரிக்க வகைகள் எல்லாவற்றிலும் பெரும்பாலும் மெட்டாசென்ட்ரிக்குகளே. எனவே 47-தான் மூதாதை எண், மற்றதெல்லாம் அதிலிருந்து தேய்ந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பிளவுதான் நடந்தது என்றாலும் அதோடு முடிந்திருக்காது. நடுவில் சென்ட்ரோமியர் உள்ள குரோமோசோம் பிளந்தால் டீலோசென்ட்ரிக்குகள்தான் வரும். அவை மறுபடி மெட்டாசென்ட்ரிக் ஆக, சென்ட்ரோமியரைச் சுற்றிய பகுதி தலைகீழாகத் திரும்புவது போன்ற வேறு மாற்றங்களும் நடந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், ஒரே திசையில் இறங்கும் படிக்கட்டாக இதைப் பார்ப்பதை விட்டுவிடுவதே நல்லது. எண் கூடவும் செய்திருக்கும், குறையவும் செய்திருக்கும். கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் சீன மலைகளிலிருந்து அடுத்தடுத்துப் புதிய சிற்றினங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அமெரிக்கப் பூச்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு மூதாதையைத் தேடும் காலம் போய்விட்டது.

அப்படியானால் எண் வேறு, சிற்றினமும் வேறு என்று சொல்லலாமா? மனிதர்களிலேயே ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி மொத்தம் 45 இருக்கும். அவர் ஆரோக்கியமாக இருப்பார். குழந்தைப்பேறில் சிலருக்குச் சிரமம் வரலாம், அவ்வளவுதான். ஓர் இணைவு இருப்பதாலேயே இனம் பிரிந்துவிடாது. மறுபுறம், எண் ஒன்றாக இருப்பதாலேயே இனம் ஒன்று என்றும் ஆகாது; உள்ளே இருக்கும் குரோமோசோம்கள் வேறு வேறாக ஒட்டியிருக்கலாம். வீட்டுச் சுண்டெலியில் இதை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள்: இயல்பான எண் 40, மதேரா என்ற சின்னத் தீவிலேயே மலைப் பள்ளத்தாக்குகள் பிரித்துவைத்த எலிக் கூட்டங்கள் வெவ்வேறு இணைவுகளைப் பெற்று, எண் குறைந்து தனித்தனி வகைகளாகிவிட்டன. கிரிப்டோசெர்கஸிலும் 2008-ல் தோல்மேல் உள்ள ஹைட்ரோகார்பன், குரோமோசோம் எண், டிஎன்ஏ மூன்றையும் ஒரே பூச்சிக் கூட்டங்களில் வைத்து ஒப்பிட்டார்கள். பூச்சிகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பதில் அந்த ஹைட்ரோகார்பன்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால் அது சரியான வழி.

இதை நேரடியாகத் தீர்த்துவைக்க விரும்புகிறவர், இரண்டு வகைகள் சந்திக்கும் எல்லையில் போய்த் தேட வேண்டும். 43 வகையும் 45 வகையும் கலந்தால் பிறக்கும் ஆணுக்கு ஒரு பக்கத்திலிருந்து 21, மறுபக்கத்திலிருந்து 22, ஓர் எக்ஸ்: மொத்தம் 44. ஆணில் இரட்டைப்படை எண் வந்தாலே அது கலப்பு என்று சந்தேகிக்கலாம். ஆனால் 39-உம் 43-உம் கலந்தால் 19, 21, ஓர் எக்ஸ் சேர்ந்து 41 வரும். அது ஒற்றைப்படை என்பதால் எண்ணிவிட்டு நிறுத்தினால் புதிய வகை ஒன்று கிடைத்ததாக எழுதிவிடுவோம். அங்கேதான் விந்தகத்தில் நடக்கும் குன்றல் பகுப்பைப் பார்க்க வேண்டும். எல்லாம் இரண்டிரண்டாகச் சேர்ந்து, எக்ஸ் மட்டும் தனியாக நின்றால் அது தனி வகை. மூன்று மூன்றாகச் சேர்ந்து நிற்பவை தெரிந்தால் அது கலப்பு.